தகரத்தில் இரண்டு தேதி

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். பள்ளியில் அதே குணத்துக்கு "டீச்சர் ரொம்ப கரெக்டு" என்று பெயர். இருபது வருடத்துக்கு மேல் இந்த இரண்டாவது பெயரை நம்பித்தான் காலம் தள்ளினேன். போன வருடம் ஒரு நாவல் கன்று அந்தப் பெயரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது. வீட்டில் சொன்னால், "விடு, செடிதானே" என்கிறார்கள். செடியோடு முடிந்திருந்தால் நானும் விட்டிருப்பேன்.

அரக்கோணத்திலிருந்து தினமும் காலை ரயிலில் திருத்தணிக்கு வருகிறேன். ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ பிடித்தால் இருபது நிமிடத்தில் பள்ளி. மலை தெரிகிற தூரத்தில், ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். பெரும்பாலும் கழனி வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்களின் பிள்ளைகள் நாலைந்து பேர். வசதியுள்ள மற்றவர்கள் காலையில் பிள்ளைகளை வேனில் ஏற்றி வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஐந்தாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு தனிக் கவலை உண்டு. எங்கள் பள்ளி ஐந்தோடு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு பஸ் ஏறி ஊருக்குள் போக வேண்டும். அந்த இடத்தில்தான் பிள்ளைகள் உதிர்வார்கள். ஜூன் மாதம் யார் பஸ் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று கணக்குப் பார்ப்பது எனக்கு வழக்கம். ஏறாதவர்களைத் தெருவில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர்களும் திரும்பிக்கொள்வார்கள்.

அதனால்தான் ஏரிக்கரைப் பாடம் ஆரம்பித்தேன். பாடப் புத்தகம் பிடிக்காத பிள்ளைக்குக் கூட மண் பிடிக்கும், வெளியே வந்தால் பள்ளியே பிடித்துப்போகும் என்று நம்பினேன். முதல் வருடம் வகுப்புக்கே பொதுவாக முப்பது கன்று வாங்கி நட்டோம். எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார் என்பார்களே, அதுதான் நடந்தது. அவன் ஊற்றுவான் என்று இவள் இருந்தாள், இவள் ஊற்றுவாள் என்று அவன் இருந்தான். தைப் பொங்கலுக்குள் முப்பதும் விறகு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறு வருடம், அதாவது போன வருடம், சட்டத்தை மாற்றினேன். ஆளுக்கு ஒரு கன்று. பழைய எண்ணெய் டின்னை வெட்டித் தகரமாக்கி, வெள்ளை பெயின்ட் அடித்து, கறுப்பு மார்க்கரில் பிள்ளையின் பெயரையும் நட்ட தேதியையும் நானே எழுதினேன். தகரத்தை ஒரு குச்சியில் கட்டிக் கன்றுக்குப் பக்கத்தில் ஊன்றினோம். அவரவர் மரத்துக்கு அவரவர்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒருவர் மரத்துக்கு இன்னொருவர் ஊற்றக் கூடாது. "பொறுப்புன்னா அதுதான். கடன் வாங்கிப் பொறுப்பு வராது" என்று கரையில் நின்று பிரசங்கம் செய்தேன். இருபத்தாறு தலையும் ஆடியது.

சனிக்கிழமை பள்ளி இருக்கிற வாரங்களில் இன்னொரு வேலை. ஒவ்வொருவரும் தன் கன்றின் பக்கத்தில் கால்மணி நேரம் பேசாமல் உட்கார வேண்டும். பார்த்ததை மட்டும் நோட்டில் எழுத வேண்டும். நினைத்ததை எழுதக் கூடாது, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதக் கூடாது. எல்லோரும் முதல் வாரம் "மரம் அழகாக உள்ளது. மரம் நமக்கு நிழல் தரும்" என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். அப்போது கன்று முழங்கால் உயரம். நிழல் ஒரு எறும்புக்குக்கூடப் போதாது. அத்தனை நோட்டையும் திருப்பிக் கொடுத்தேன்.

ஒரே ஒரு நோட்டை மட்டும் திருப்பவில்லை. அதில் இப்படி இருந்தது: "ஏழு இலை. ஒரு இலையில் ஓட்டை. ஓட்டை போட்டது யார் என்று தெரியல."

எழுதியவள் கடைசி பெஞ்சில் உட்கார்கிற பெண். அதுவரை அவள் குரலை நான் சரியாகக் கேட்டதில்லை. ஒற்றெழுத்து எங்கே வரும் என்பது அவளுக்கு அன்றும் தெரியாது, பிறகும் தெரியவில்லை. ஆனால் அந்த ஓட்டை போட்டவனை மூன்று வாரம் காத்திருந்து பிடித்துவிட்டாள். "பச்சப் புழு. இலை மாதிரியே கீது. அதான் தெரியல" என்று எழுதியிருந்தாள். புழுவை எடுத்துப் போட்டாயா என்று கேட்டேன். "அதுவும் சாப்புடணுமே டீச்சர். ஒரு இலை குடுத்துட்டேன்" என்றாள். நாவல் கன்றை அவளேதான் கேட்டு வாங்கினாள், பழம் தின்னலாம் என்று. பழம் வர எத்தனை வருடம் ஆகும் என்று சொன்னதும், விரல் விட்டு எண்ணி, "அப்ப நான் காலேஜு படிப்பேன்" என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவளை ஆறாம் வகுப்பு பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும் என்று நான் மனதுக்குள் சபதம் போட்டுக்கொண்டேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, பிரேயர் மணி அடிப்பதற்கு முன்பே அவள் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், நாங்க மணவூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போறோம். அம்மா, நைனா, தம்பி எல்லாரும். தம்பிய நான்தான் பாத்துக்கணும்."

"எப்ப வருவே?"

"மழ வந்தாத்தான் சூள மூடுவாங்களாம்." கொஞ்ச நேரம் மேஜை விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். "என் மரத்துக்கு யாரு டீச்சர் தண்ணி ஊத்துவாங்க?"

இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று எனக்கு வேறொரு கணக்கு ஓடியது. அந்தக் கன்றுதான் அவளுக்கும் பள்ளிக்கும் நடுவில் இருக்கிற ஒரே கயிறு; கயிறு இறுக்கமாக இருந்தால்தான் இழுக்கும்; மரம் காய்ந்துவிடுமே என்று அழுதாவது அம்மாவை நச்சரித்து வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"உன் மரத்துக்கு நீதான் ஊத்தணும். அதுக்காகவாவது சீக்கிரம் வா" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். அன்று சாயங்காலம் அவள் நாலு குடம் ஊற்றிவிட்டுப் போனதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். நான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று முன்பே கிளம்பியிருந்தேன்.

தை போய் மாசி வந்தது. வெயில் ஏற ஆரம்பித்தது. நான் தினமும் மதியம் கரையை ஒரு சுற்று சுற்றுவேன். ஒரு நாள் பார்த்தால், அவளுடைய நாவல் கன்றைச் சுற்றி மண் ஈரமாக இருக்கிறது. மறுநாளும் ஈரம். கன்றோ புது இலை விட்டுத் தளதளவென்று நிற்கிறது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவள், வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"யார் ஊத்தறீங்க?"

இருபத்தைந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாமல் ஒன்று நடக்கிறது என்பதே என் தலைக்கு ஏறியது. நோட்டுகளை வாங்கினேன். எங்கள் வகுப்பு லீடரின் நோட்டில், கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தது. லீடர் என்றால் வகுப்பிலேயே உயரமான பெண், ஏரிக்குக் கீழே ஒரு ஏக்கர் நிலம் வைத்திருப்பவரின் மகள், கரும்பலகையில் பேசியவர்கள் பெயரை எழுதும் அதிகாரம் உள்ளவள். கட்டத்தில் திங்கள் முதல் ஞாயிறு வரை கிழமை. ஒவ்வொரு கிழமைக்கும் மூன்று நான்கு பெயர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குக்கூட ஆள் இருந்தது. வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லோர் பெயரும் இருந்தது. பார்த்தால் அடித்துக்கொள்கிற இரண்டு பையன்களுக்குச் சேர்ந்தாற்போல் ஒரே நாளில் முறை போட்டிருந்தாள், கெட்டிக்காரி.

நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அதைப் பார்த்துக் கண் கலங்கியிருக்க வேண்டாமா? எனக்குக் கலங்கவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் பட்டது.

"சட்டம் என்னா?" என்று கத்தினேன்.

"அவங்கவங்க மரத்துக்கு அவங்கவங்க" என்று கோரஸாகச் சொன்னார்கள்.

"அப்புறம் இது இன்னா வேல?"

லீடர் எழுந்தாள். "அவ ஊர்ல இல்லியே டீச்சர். காஞ்சிடும்."

"காயட்டும்" என்றேன்.

அந்த வார்த்தையை அப்படியே எழுதியிருக்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "காயட்டும். அப்பத்தான் அவளுக்குத் தெரியும். நீங்க ஊத்தினா அவ எதுக்கு வரப்போறா? அவளுக்கு நல்லது பண்றதா நெனச்சிக்கினு கெடுக்கறீங்க." கட்டம் போட்ட தாளைக் கிழித்து நாலாக மடித்து என் பையில் போட்டுக்கொண்டேன். இனி யாராவது ஊற்றினால் அவர்களுடைய தகரத்தைப் பிடுங்கிவிடுவேன் என்றும் சொன்னேன். லீடர் உட்கார்ந்தாள். அவள் முகம் கறுத்திருந்தது, ஆனால் எதிர்த்துப் பேசவில்லை. நல்ல ஒழுக்கமுள்ள பிள்ளைகள் என்று அன்று ரயிலில் நினைத்துக்கொண்டேன்.

ஏரிக்கரை மண் கல் கலந்த மண். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தது. பிறகு இலை ஓரம் சுருண்டது, பழுப்பாகியது, பங்குனி பிறக்கும்போது வெறும் குச்சி. தினமும் அதைத் தாண்டித்தான் நடந்தேன். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற என் கை பலமுறை தவித்தது. ஆனால் பிள்ளைகள் பார்ப்பார்கள், நானே சட்டத்தை மீறினால் பிறகு யார் மதிப்பார்கள் என்று பேசாமல் போனேன். மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று மட்டும் ரகசியமாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். அந்தப் பிள்ளைகள் ஒரு சொட்டு ஊற்றவில்லை.

அந்த வருடம் மொத்தம் நான்கு கன்று போனது. மற்ற மூன்றில் ஒன்றை ஆடு மேய்ந்தது, இரண்டு தானாகப் பட்டது. அந்த மூன்று பேரும் வேறு கன்று வாங்கி வைத்தார்கள். தகரத்தில் தேதியை மாற்றிக் கொடுத்தேன். நாவலுக்கு ஆள் இல்லை. அப்போதுதான் எங்கள் ஏரிக்கரைப் பாடத்தைப் பார்க்க மேலதிகாரி ஒருவர் வருவதாகச் சொன்னார்கள். எத்தனை நட்டோம், எத்தனை போனது என்பதற்கு ஒழுங்கான பதிவு வேண்டும் என்று தோன்றியது. மறைக்கக் கூடாது, உண்மையை எழுத வேண்டும் என்று நான்தானே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்? மார்க்கரை எடுத்துக்கொண்டு போய், அவள் பெயருக்குக் கீழே, நட்ட தேதிக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, காய்ந்த தேதியையும் எழுதினேன். எழுத்து அழகாக வந்திருந்தது. அந்த அதிகாரி கடைசியில் வரவே இல்லை.

சித்திரை பிறந்ததும் ஊரில் திரௌபதியம்மன் கோயில் தீமிதி. எங்கே வேலைக்குப் போயிருந்தாலும் அதற்கு எல்லோரும் ஊர் திரும்புவார்கள். அவளுடைய அப்பா தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருந்தார். தீமிதிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம், அவளும் அவள் அம்மாவும் பள்ளிக்கு வந்தார்கள். அவள் முகம் கறுத்து, முடி செம்பட்டையாகி, உள்ளங்கை தடித்திருந்தது. தம்பியைப் பார்த்துக்கொண்டால் மட்டும் உள்ளங்கை அப்படி ஆகாது. நான் அதைக் கேட்கவில்லை.

அவள் அம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, சுவரோரமாக நின்றாள். நான் ஒரு மாதமாக மனதுக்குள் தயாரித்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். பள்ளி மூட இன்னும் மூன்றே வாரம். பெண்ணை அவள் அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். ஆறாம் வகுப்பில் நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். பஸ்ஸுக்கு இலவச பாஸ் உண்டு. பெண் அம்மாவின் முந்தானையை முறுக்கிக்கொண்டு அம்மாவின் வாயையே பார்த்தாள்.

"தம்பிய யாரு பாப்பாங்கன்னுதான் டீச்சர்" என்றாள் அம்மா. முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்த பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்தாள். "படிக்கட்டும். நான் ஒருத்தி மண்ணு மெதிக்கிறது போதாதா. சரிங்க டீச்சர், உட்டுட்டே போறேன்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல் அப்படித்தான் நினைத்தேன். கயிறு இழுத்துவிட்டதே!

பெண் ஒரு துள்ளு துள்ளினாள். "ம்மா, வாம்மா, என் மரத்த காட்றேன். எம் பேரு எழுதி கீது" என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைப் பக்கம் ஓடினாள். வகுப்பிலிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். லீடர் என்னைப் பார்த்தாள். எனக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது.

ஓடினேன். புடவை தடுக்கியது. கரை மேல் ஏறும்போதே அவர்கள் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. பெண் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சர் இது?"

"கன்னு காஞ்சிடுச்சும்மா. வேற வெச்சிக்கலாம். நாளைக்கே..."

"அது இல்ல டீச்சர்." அவள் தகரத்தின் மேல் விரல் வைத்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. எம் பொண்ணு பேரு மட்டும் தெரியும், அது எழுதிக் காட்டிச்சு. நம்பரு தெரியும். பேரு போட்டு, கீழ ரெண்டு தேதி போட்டுக் கீறீங்களே. எங்க மாமியா செத்தப்ப பேனர்ல இப்பிடித்தான் போட்டாங்க."

நான் தகரத்தைப் பார்த்தேன். எத்தனையோ முறை பார்த்ததுதான். எங்கள் ஊர்களில் ஒரு தெரு பாக்கியில்லாமல், மின்கம்பத்தில், பஸ் நிலையச் சுவரில், ஆட்டோ முதுகில், படத்துக்குக் கீழே தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி. அதைப் பார்த்தே வளர்ந்தவள்தான் நானும். அதே அளவில், அதே இடத்தில், நடுவில் அதே சிறு கோட்டோடு என் கை எழுதியிருக்கிறது, எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

தோன்றாததை ஒப்புக்கொண்டிருக்கலாம். என் வாய்க்குப் பாடம் நடத்தத்தான் தெரியும். "அது மரத்தோட தேதிம்மா. மரம் வேற, புள்ள வேற. பேரு எழுதினா ஒண்ணும் ஆவாது. படிக்கற புள்ளைங்க முன்னால இந்த மாதிரி மூடநம்பிக்கையெல்லாம் பேசக் கூடாது" என்றேன். பிள்ளைகள் அதற்குள் கரைக்கு வந்து பின்னால் நின்றிருந்தார்கள்.

அவள் கோபப்படவில்லை. குனிந்து, குச்சியிலிருந்து தகரத்தைக் கழற்றினாள். பின்பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் எழுத்தில்லாமல் வெள்ளையாக இருந்தது.

"உங்களுக்கு ஒரு பையன் கீறான்னு பாப்பா சொல்லிச்சு. இந்தப் பக்கம் அவன் பேர எழுதுங்க டீச்சர். கீழ ரெண்டு தேதியும் போடுங்க. ஒண்ணும் ஆவாதுன்னு நீங்களே சொல்றீங்களே. நீங்க எழுதினா நான் உட்டுட்டுப் போறேன்."

மார்க்கர் என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். என் மகன் எட்டாம் வகுப்பு. அன்று காலை டிபன் பாக்ஸை மறந்துவிட்டுக் கிளம்பப் பார்த்ததற்காக அவனைத் திட்டிவிட்டு வந்திருந்தேன். பெயரின் முதல் எழுத்தை எழுதினேன். இரண்டாவதையும் எழுதினேன். அதோடு கை நின்றுவிட்டது. வெறும் மை, வெறும் தகரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எட்டு மணி ரயில் கிராஸிங், அவன் சைக்கிள், லாரி என்று என்னென்னவோ கண்ணில் வருகிறது. இருபத்தைந்து பிள்ளைகளும் என் கையைப் பார்க்கிறார்கள். ஒரு பெண்ணின் படிப்பு முழுவதும் இன்னும் ஒன்றிரண்டு எழுத்திலும் இரண்டு தேதியிலும் இருக்கிறது. எழுதியிருக்கலாம். இன்றுவரை ஒவ்வொரு நாளும் நான் என்னைக் கேட்கிற கேள்வி அதுதான், எழுதியிருக்கலாமே?

என்னால் முடியவில்லை.

அவள் என் கையிலிருந்து மார்க்கரை மெதுவாக வாங்கி, மூடி போட்டு, திருப்பிக் கொடுத்தாள். "எனக்கும் அப்பிடித்தான் டீச்சர்" என்றாள். தகரத்தில் நான் எழுதிய இரண்டு எழுத்தையும் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். அது போகாத மை. கொஞ்சம் மண்ணை அள்ளித் தேய்த்தாள், அப்படியும் போகவில்லை. என் பிள்ளைக்காக அவள் அவ்வளவு நேரம் தேய்த்தது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பிறகு தகரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜூனில் சேர்க்கைப் படிவத்தை எடுத்துக்கொண்டு மணவூரில் இறங்கி, சூளை சூளையாக விசாரித்துப் போனேன். மழை வந்து சூளை மூடியிருந்தது. மாந்தோப்பு வேலைக்கு ஆந்திரா பக்கம் போய்விட்டார்கள் என்று காவலுக்கு இருந்தவர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. அத்தை வீட்டிலும் கேட்டேன். "வந்தா சொல்றோம் டீச்சர்" என்றார்கள். படிவம் இன்னும் என் பையில், கிழித்த அந்தக் கட்டத்தாளோடு சேர்ந்து கிடக்கிறது.

நான் சொல்ல வந்தது தீமிதிக்கு மறுநாள், திங்கட்கிழமைக் காலை. ஒருவேளை மனம் மாறியிருப்பார்களோ என்று முந்தின ரயிலிலேயே வந்துவிட்டேன். ஷேர் ஆட்டோவில் வரும்போதே பஸ் ஸ்டாப்பில் அவர்கள் குடும்பத்தைப் பார்த்தேன். அப்பா காலில் துணி சுற்றியிருந்தார். இரண்டு மூட்டை, ஒரு குண்டான், இடுப்பில் பிள்ளை. அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். பெண்ணைக் காணவில்லை.

கரையில் இருந்தாள். சீக்கிரம் வந்த பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர், லீடர் உட்பட, தங்கள் தங்கள் மரத்துக்கு ஊற்றக் குடத்தோடு நின்றிருந்தார்கள். யாரும் ஊற்றவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தக் குச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வழியில் குடிக்க எடுத்து வைத்திருந்த தண்ணீர். மண் உறிஞ்சும்வரை நிறுத்துகிறாள், பிறகு ஊற்றுகிறாள்.

"அது காஞ்சிடுச்சு பாப்பா" என்றேன்.

"தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சும் எதுக்கு ஊத்தறே?"

"எம் மரத்துக்கு நான்தான் ஊத்தணும்னு சொன்னீங்களே. இத்தினி நாளு ஊத்தலியே நானு."

நான் மண்ணில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். கையை நீட்டினேன். "குடும்மா. நான் கொஞ்சம் ஊத்தறேன்."

அவள் பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "வேணாம் டீச்சர். ரூலு."

ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. அம்மா கூப்பிடுகிற சத்தமும் கேட்டது. மிச்சத் தண்ணீரைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். பாதி பாட்டில் பாக்கி இருந்தது. அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. நான் திரும்பி, குடத்தோடு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னேன். சொன்னேன் என்ன, கெஞ்சினேன்.

"வாங்கடா. எல்லாரும் வந்து இந்த மரத்துக்கு ஊத்துங்க. நான் சொல்றேன் இல்ல, வாங்க. ரூலெல்லாம் ஒண்ணும் இல்ல. ஊத்துங்க."

லீடர் தன் குடத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மற்றவர்கள் லீடரைப் பார்த்தார்கள். ஒருவர்கூட அசையவில்லை. நான் அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.